முகூர்த்தத்துக்கு ஒரு நானூற்று ஒன்பது

"மரியாதையாத்தானே பதில் சொல்ல வெச்சிருக்கேன் மேடம்? அப்புறம் எதுக்கு எல்லாரும் என்னை வையறாங்க?"

கேட்டவர் குமரகுருபரன். வயது நாற்பத்தாறு. கோயம்புத்தூரில் இருபத்திரண்டு வருஷம் கல்யாண மண்டப மேனேஜராக இருந்தவர். அப்புறம் ஒரே பிடிவாதமாகக் கம்ப்யூட்டர் படித்து, போன வருஷம்தான் இந்த சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தார்.

அவருடைய குரு ரெஹானாவுக்கு வயது இருபத்தெட்டு. மகள் வயசுதான். இருந்தால் என்ன, வித்தைக்கு ஏது வயசு?

விஷயம் இதுதான். ஊரிலுள்ள மண்டபங்களின் தேதிகளை வெளி ஆப்கள் கேட்டு வாங்கிக்கொள்ள, குமரகுரு ஒரு ஏபிஐ கட்டியிருந்தார். உள்ளே பதிவேட்டைப் பார்க்க ஒரு புரோகிராம். வாசலில் நின்று பதிலை வெளியே சொல்ல ஒரு கேட்வே. எந்த முடிவுக்கு எந்த எண்ணைச் சொல்வது என்று, கேட்வேயோடு ரெடிமேடாக வரும் கிளவுடு லைப்ரரியில் நாம்தான் எழுதித்தர வேண்டும். தேதி கிடைத்தால் இருநூறு. வேறு யாரோ முந்திக்கொண்டால் நானூற்று ஒன்பது. நம் மெஷினே படுத்துக்கொண்டால் ஐநூறு. கேட்கிற ஆப்கள் அந்த எண்ணைப் பார்த்துத்தான் நடந்துகொள்ளும்.

நம்ம ஆள் என்ன செய்தார்? எது வந்தாலும் இருநூறு என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, பாவம். நல்ல காரியம் கேட்டு வருகிறவர்களிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடாது என்பது அவர் பார்த்த தொழிலில் பழக்கம். "நிறைஞ்சிருக்குங்க" என்பார், "பார்த்துச் செய்யலாங்க" என்பார். 'இல்லை' என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் இருபத்திரண்டு வருஷமாக அவர் வாயில் வந்ததில்லை.

பலன்? காலையில் நடந்த சோதனையில் ஒரே மண்டபம், ஒரே முகூர்த்தம், மூன்று ஆப்பிலும் 'பதிவு ஆயிற்று'!

நாலு மணிக்கு மண்டப உரிமையாளர் சங்கத் தலைவர் மயிலுசாமி நேரில் வருகிறார். அவருக்குப் பிடித்தால் இன்றைக்கே திறப்பு. பிடிக்காவிட்டால் குமரகுரு பழையபடி மண்டபத்துச் சாவிக்கொத்தைத் தூக்க வேண்டியதுதான்.

"பதிலுக்குள்ளே 'நிறைந்துவிட்டது'ன்னு அழகா எழுதியிருக்கேனே மேடம். அதை ஆப் படிக்காதா?"

ரெஹானா டீயை ஒரு வாய் உறிஞ்சினாள்.

"சரிங்ணா."

"சரின்னா? படிக்குமா?"

"சரிங்ணா."

"அப்ப படிக்காதா?"

"சரிங்ணா."

"தப்பு லைப்ரரியிலயா, என்கிட்டயா?"

"சரிங்ணா."

"நாலு மணிக்குத் திறக்கலாமா?"

"சரிங்ணா."

"அட, தள்ளிப் போடலாமா?"

"சரிங்ணா."

முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

"அம்மா தாயே! இல்லைன்னா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைங்களேன்! எல்லாத்துக்கும் தலையாட்டினா மனுஷன் எந்தப் பக்கம் போறது?"

சொன்ன வார்த்தை தன் காதிலேயே விழ, அப்படியே நின்றார்.

ரெஹானா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

குமரகுரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மத்தியானச் சாப்பாடுகூட ஞாபகம் வரவில்லை. ஒரு வரி ஏழு வரியாயிற்று. நானூற்று ஒன்பதைத் தட்டும்போது மட்டும் விரல் கொஞ்சம் தயங்கியது.

நாலு மணிக்கு மயிலுசாமி வந்தார். கம்பெனி மேனேஜர் கும்பிட்டு உட்கார வைத்தார்.

"என் பையன் கல்யாணத்துக்கே பார்க்கறேன்" என்று தலைவர் போனை எடுத்தார். "என் மண்டபம். ஆவணி இருபத்தொண்ணு."

தட்டினார். சிவப்பெழுத்தில் வந்தது: அந்த முகூர்த்தம் வேறொருவர் பெயரில் பதிவாகியுள்ளது.

தலைவரின் புருவம் மேலே ஏறியது.

"என்னப்பா இது? என் சொந்த மண்டபத்துல எனக்கே இடம் கிடையாதா?"

மேனேஜர் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, சமாளி சமாளி என்று கையை ஆட்டினார். குமரகுரு ரெஹானாவைப் பார்த்தார். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'பார்த்துச் செய்யலாங்க' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எச்சிலோடு சேர்த்து விழுங்கினார்.

"இல்லைங்க" என்றார்.

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

மயிலுசாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, குமரகுருவை மேலும் கீழும் பார்த்தார்.

"போன தையில என் மண்டப வாசல்ல ரெண்டு மாப்பிள்ளை அழைப்பு ஒண்ணா வந்து நின்னுச்சு. ரெண்டு நாதஸ்வரமும் போட்டி போட்டு ஊதுது. ரெண்டு சம்பந்தியும் என் சட்டையைப் புடிச்சு உலுக்கறாங்க."

எழுந்து வந்து அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீ எங்கய்யா போயிருந்தே?"