கேட்காத கேள்விக்குப் பதில்

முன்னொரு காலத்தில் முத்தங்கரை நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். போன மாதம் அவருக்கு மயில் வளர்க்கும் ஆசை. இந்த மாதம் இங்கிலீஷ் ஆசை. துறைமுகத்துக்கு இங்கிலீஷ் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. மொழிபெயர்க்க ஆள் வேண்டும்.

"ஓடக்காரி மரகதத்தை வைக்கலாம், மகாராஜா. பத்து வருஷமாகக் கப்பல்காரர்களைக் கரை சேர்க்கிறாள். இங்கிலீஷில் சண்டையே போடுவாள்" என்றார் மந்திரி.

ஆஸ்தான பண்டிதர் திருமேனிநாதருக்கு வயிறு எரிந்தது. "பேசினால் போதுமா? எது பெயர்ச்சொல், எது வினைச்சொல் என்று தெரியுமா அவளுக்கு? என்னோடு போட்டிக்கு வரட்டும். தோற்றால் துறையில் இனி ஓடம் விடக் கூடாது!"

பேசுகிறவளுக்கு மொழி தெரியாதாம்! அநியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள். ராஜாவோ, "பேஷ்! பேஷ்!" என்று கைதட்டிவிட்டார்.

மரகதத்தின் பிழைப்பே அந்த ஓடம்தான். சபைக்கு அழைத்து வரப்பட்டவள், பண்டிதர் நீட்டிய முப்பது சொல் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். விரல் பட்டுப் பட்டு ஓரமெல்லாம் நைந்திருந்தது. சிரிப்பு வந்தது அவளுக்கு.

"ஐயாவே முதலில் சொல்லட்டும். நான் வாசிக்கிறேன்."

"உனக்கு வாசிக்கவும் வருமா?"

"பெட்டி மேல் எழுதியிருப்பதை வாசிக்காமலா இறக்குகிறேன், ஐயா?"

பண்டிதர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரிவர்."

"பெயர்ச்சொல்!"

"கோ."

"வினைச்சொல்!"

ஐந்தாவது சொல்லுக்கு அவள் வாய் திறக்கும் முன்பே பதில் வந்துவிட்டது. மரகதம் வாயை மூடிக்கொண்டாள். பண்டிதர் நிறுத்தவில்லை. "பெயரடை! வினையடை! பெயர்ச்சொல்!" என்று தாளத்தோடு போய்க்கொண்டே இருந்தார். சபை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது.

"வினைச்சொல்! அவ்வளவுதான், முப்பதும் சரி!" என்று கண்ணைத் திறந்தார்.

"பண்டிதரே, முப்பதாவது சொல் என்ன?" என்றார் ராஜா.

பண்டிதர் பட்டியலை எட்டிப் பார்த்தார்.

"அவள் ஐந்தாவதையே இன்னும் வாசிக்கவில்லையே!" என்றார் ராஜா.

சபை வெடித்துச் சிரித்தது. ராஜா மரகதத்திடம் திரும்பினார். "இப்போது நீ சொல். 'வாட்டர்' என்ன சொல்?"

"தனியாகக் காட்டினால் எப்படிச் சொல்வேன், மகாராஜா? கரையில் சும்மா நிற்கிறவன் துடுப்புப் போடுவானா, பாய் இழுப்பானா என்று யாருக்குத் தெரியும்? வாக்கியத்தில் ஏற்றுங்கள். அங்கே அது செய்கிற வேலையைப் பார்த்துச் சொல்கிறேன்."

ராஜா தனக்குத் தெரிந்த ஒன்பது வாக்கியங்களையும் சொன்னார். ஒவ்வொரு சொல்லையும் பிட்டுப் பிட்டு வைத்தாள் மரகதம்.

"பலே! மொழிபெயர்ப்பாளர் பதவி உனக்குத்தான். பண்டிதரே, நாளை முதல் இவள் ஓடத்தில் உட்கார்ந்து இங்கிலீஷைக் காதால் கேளும்! அதிருக்கட்டும், நான் என்ன சொல்?"

"பெயர்ச்சொல், மகாராஜா! பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்ச்சொல்!" என்று முந்திக்கொண்டார் பண்டிதர்.

மரகதம் கைகூப்பினாள். "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று நாலு நாள் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், மகாராஜா."

ராஜா அவளையே பார்த்தார். பிறகு கிரீடம் சரிய விழுந்து விழுந்து சிரித்தார்.

மறுநாள் மயில்கள் விழிக்கும் முன்பே சபைக்கு வந்து, குவிந்து கிடந்த மனுக்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். மரகதம் உள்ளே நுழைந்ததும் ஆவலாகக் கேட்டார்: "இப்போது?"

"இன்னும் மூன்று நாள் இருக்கிறதே, மகாராஜா!"