யாரும் தூக்காத கூடு

தொம்மைக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் தேடிப் போன சலேத்துக்கு நாற்பத்து மூன்று. ஊரிலிருந்து, நிலம் கடலுக்குள் நீளும் முனைக்குக் கடற்கரை மணலில் நடந்தால் முக்கால் மணி நேரம் ஆகும். ஈஸ்டர் எனும் பாஸ்குத் திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை காலை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் அந்த வழியே நடந்தார்.

சலேத் பத்து வருடம் கன்னியர் மடத்தில் இருந்துவிட்டு, ஒரு நாள் தகரப்பெட்டியோடு ஊர் திரும்பியவள். ஏன் திரும்பினாள் என்று யாருக்கும் சொல்லவில்லை. செத்துப்போன அப்பாவின் சிறு வள்ளத்தை எடுத்துக்கொண்டு, விரிகுடாவுக்குள் சிங்கி இறால் பிடிக்க வலைக்கூடு போட்டுப் பிழைத்தாள். முனையில் அவளுக்கு ஓர் ஓலைவீடு. மனதில் முள் தைத்தவர்கள் அவளைத் தேடி வருவார்கள். அவள் போதனை எதுவும் செய்வதில்லை. வந்தவர் கையில் ஒரு வேலையைக் கொடுப்பாள். சிலர் அன்று மதியமே திரும்பிவிடுவார்கள். சிலர் மாதக்கணக்கில் இருப்பார்கள்.

தொம்மை போனபோது அவள் கூட்டுக்குள் வைக்கும் இரைக்காக மட்டிச் சதையை அறுத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு கேள்வி தாயி.”

“கேளுங்க அண்ணே.”

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

“ரெண்டு வருசம் ஆகப்போகுது. ஆனி மாசம். கஸ்பார் படகுல இன்ஜின் நின்னுபோச்சு. நான் கயிறு போட்டு இழுத்துட்டு வந்தேன். என் படகுல என்னோட சேத்து மூணு பேரு. அவன் படகுல அவன் மட்டும்தான். மேற்கேருந்து கச்சான் காத்து எழும்பிருச்சு. அவன் படகுல தண்ணி ஏறி முங்க ஆரம்பிச்சுது. முங்குற படகு எங்களையும் சேத்து இழுத்துது. நான் கயிறை அறுத்தேன்.”

“ம்.”

“மூணாம் நாள் கரை ஒதுங்கினான்.”

சலேத் கத்தியைக் கீழே வைத்தாள்.

“போலீஸ் விசாரிச்சாங்க. தப்பில்லைன்னுட்டாங்க. ஊர்க்கூட்டத்துலயும் அதையேதான் சொன்னாங்க. சாமியார் பாவமன்னிப்புக் குடுத்தார். என் படகுல இருந்த ரெண்டு பேரும் உயிர் தந்த சாமின்னு என் காலைத் தொட்டாங்க. எனக்குத்தான் சோறு இறங்கல. நான் அறுத்தது சரியா, தப்பா? நீ சொல்லு தாயி.”

“துடுப்புப் போடுவீங்கதானே?”

“அதென்ன கேள்வி?”

“நாளைக்கு விடிஞ்சதும் வாங்க. முப்பது கூடு தூக்கணும்.”

*

கஸ்பார் போனதிலிருந்து தொம்மை கடலில் இறங்கவில்லை. மறுநாள் ஒரு காலை வள்ளத்தில் வைத்துவிட்டு, மறு காலை மணலிலேயே ஊன்றி நின்றார். சலேத் பார்த்தும் பாராதவள்போல் துடுப்பை அவர் பக்கம் நீட்டினாள்.

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் அது. விரிகுடாவில் சிறு வள்ளங்கள்தான் நடமாடின. காற்றே இல்லை. தண்ணீர் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் கிடந்தது. மிதவையைப் பிடித்து, கயிற்றை இழுத்து, கூட்டைத் தூக்கி, உள்ளே ஏறியிருக்கும் சிங்கியை எடுத்து, புது இரை வைத்து மறுபடி இறக்க வேண்டும். சினை சுமக்கும் சிங்கி ஏறியிருந்தால் சலேத் அதை இரு கையாலும் ஏந்தித் திரும்பத் தண்ணீரில் விடுவாள்.

வெயில் ஏறியதும் கழிமுகத்துக்குப் போய்க் கொடுவா மீனுக்குத் தூண்டில் போடுவார்கள். கொடுவா கவ்வினால் தோள்பட்டை கழன்றுவிடும்போல் இழுக்கும். அந்தக் கொஞ்ச நேரம் தொம்மைக்கு உலகத்தில் வேறொன்றும் இருக்காது. மீன் வள்ளத்துக்குள் விழுந்து, வாலடித்து ஓய்ந்ததும் எல்லாம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

வாரம் ஒருமுறையாவது கேட்பார்.

“சரியா, தப்பா தாயி?”

“அந்த மிதவையைப் பிடிங்க அண்ணே” என்பாள்.

ஒரு நாள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“பதில் தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லிரு. எதுக்கு இந்த மௌனம்?”

“தெரியல” என்றாள் சலேத்.

அவர் குனிந்து அடுத்த மிதவையைப் பிடித்தார்.

*

வைகாசிக் கடைசியில் கச்சான் காற்று முந்திக்கொண்டது.

அன்று இருபத்தேழு கூடு தூக்கியாகிவிட்டது. இருபத்தெட்டாவது, கடலடிப் பாறையில் போய்ச் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தார்கள். வரவில்லை. அதற்குள் மேற்கே கடல் கறுத்து, அலை எழும்பிவிட்டது. கயிற்றின் இந்த முனை வள்ளத்தின் முன்தலையில் கட்டியிருந்தது. கயிறு குட்டை. அலை வரும்போது வள்ளம் தலையைத் தூக்க முடியாமல் அப்படியே வாங்கியது. தண்ணீர் உள்ளே விழுந்தது. ஈரத்தில் முடிச்சு இறுகி இரும்பாகிவிட்டது.

“அறுங்க அண்ணே” என்றாள் சலேத். அவள் இரண்டு துடுப்பையும் பிடித்து வள்ளம் திரும்பாமல் காத்துக்கொண்டிருந்தாள்.

தொம்மை கத்தியை எடுத்துக் கயிற்றின் மேல் வைத்தார். கை அசையவில்லை. கீழே கிடப்பது கூடு என்று தெரியும். தெரிந்தும் கை அசையவில்லை.

“அண்ணே!”

அடுத்த அலையும் உள்ளே வந்தது. முழங்கால்வரை தண்ணீர். சலேத் துடுப்பைப் போட்டுவிட்டுத் தாவி வந்து, அவர் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி ஒரே இழுப்பில் அறுத்தாள். கயிறு வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போயிற்று. வள்ளம் நிமிர்ந்தது.

கரைக்கு வந்து சேர்ந்தபின்னும் தொம்மை வள்ளத்தை விட்டு இறங்கவில்லை.

“நீ யோசிக்கவே இல்லையே தாயி.”

“யோசிக்க எங்க நேரம் இருந்துச்சு?”

“அப்ப நான் செஞ்சதும் இதுதானே? அப்ப அது சரிதானே?”

சலேத் முந்தானையைப் பிழிந்தாள்.

“கூடு கீழ கிடக்கு” என்றாள்.

“கிடக்கட்டும். ஒரு கூடுதானே.”

“நாளைக்கு வாங்க.”

*

மறுநாள் அவள் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்காரரிடமிருந்து ஒரு பாதாளக் கரண்டியை வாங்கி வைத்திருந்தாள். கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற அந்தக் கொக்கிக் கொத்தைக் கயிற்றில் கட்டி, கூடு சிக்கிய இடத்தில் இறக்கி, கடலடியைத் துழாவினாள். கிடைக்கவில்லை. நீரோட்டம் கூட்டை எங்கோ நகர்த்தியிருந்தது.

அடுத்த நாளும் போனார்கள். அதற்கடுத்த நாளும். காற்று கொஞ்சம் அடங்குகிற காலைகளிலெல்லாம் போனார்கள்.

கழிமுகத்தில் கொடுவா கூட்டம் கூட்டமாக ஏறிக்கொண்டிருந்தது. ஊர் வள்ளங்கள் நிறைந்து திரும்பின. இவர்கள் வள்ளத்தில் ஒரு கொக்கியும் ஈரக் கயிறும்தான். கடந்து போகிறவர்கள் கூவிக் கேட்டார்கள்: “என்ன முனைக்காரம்மா, கடலுக்குள்ள கிணறு தோண்டியிருக்கியா?”

தொம்மைக்கு மானம் போயிற்று.

“முப்பதுல ஒண்ணு போச்சு. விட்டுத் தொலையேன்.”

“அது நிக்கலையே அண்ணே.”

“எது?”

“கூடு. நாமதான் வந்துட்டோம். அது அங்க பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கும். உள்ள போனது வெளிய வராது. பசியில செத்துப்போகும். செத்தது அடுத்ததுக்கு இரை. அந்த வாடைக்கு இன்னொண்ணு ஏறும். தூக்க ஆள் இல்லேன்னு கூட்டுக்குத் தெரியாது.”

அவர் கொக்கிக் கயிற்றை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அன்று முழுவதும் அவரே துழாவினார்.

ஆனி பிறந்தது. ஒரு காலை, கொக்கியை இறக்கிக்கொண்டிருக்கும்போது ஊர்க்கோயில் மணி தண்ணீருக்கு மேலாகக் கேட்டது.

“இன்னைக்கு யாருக்குப் பூசை?” என்றாள் சலேத்.

“கஸ்பாருக்கு. ரெண்டாம் வருசம்.”

“நீங்க போகல?”

“எந்த மூஞ்சியோட போவேன்? பிரகாசி முதல் வரிசையில முட்டிபோட்டு இருப்பா.” பிரகாசி கஸ்பாரின் மனைவி.

“அவங்களைப் பாத்து எத்தனை நாளாச்சு?”

“அவன் போனதுலேருந்து பாத்ததே இல்ல” என்றார் தொம்மை. “அடக்கத்தன்னைக்கும் வாசலோட திரும்பி வந்துட்டேன். அவ தெருவுல வந்தா நான் அடுத்த தெருவுக்குப் போயிருவேன்.”

சலேத் கொக்கியை ஒரு முழம் தள்ளி இறக்கினாள். மணி நின்றது.

இருபத்து மூன்றாம் நாள் கொக்கி எதிலோ மாட்டியது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். பாசி படிந்து கூடு மேலே வந்தது. முதலில் வந்தது நாற்றம்தான்.

சலேத் கூட்டின் கதவைத் திறந்து கவிழ்த்தாள். ஓடுகள் விழுந்தன. சிங்கி ஓடுகள், நண்டு ஓடுகள், முள் மட்டும் மிஞ்சிய இரண்டு மீன்கள். ஒரு சினைச் சிங்கியின் வெற்று ஓடு. ஒன்றே ஒன்று உயிரோடிருந்தது. அதற்கு ஒரு பக்கத்துக் கால்கள் இல்லை. மீசை இல்லை. சலேத் அதைத் தண்ணீரில் விட்டாள். அது நீந்தவில்லை. சாய்ந்தபடியே மெல்ல இறங்கி மறைந்தது.

தொம்மை வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு ஊர்ப்பக்கம் தலை நிமிர்ந்தார்.

“என்னைக் கோயில் துறையில இறக்கி விட்டுரு தாயி.”

சலேத் துடுப்பை எடுத்தாள்.

*

பிரகாசி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முறம் நின்றது. எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தார். அவள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள்.

“உட்காருங்க.”

உட்கார்ந்தார்.

“எதுக்கு அறுத்தீங்கன்னு நான் கேக்கல” என்றாள் பிரகாசி. “மூணு உசிரு. எனக்குத் தெரியும். ரெண்டு வருசமா ஒரே ஒண்ணுதான் கேக்கணும்னு இருந்தேன். நீங்க ஆளே வரல.”

“கேளு.”

“கடைசியா அவுக என்ன சொன்னாக?”

முறத்தில் ஒரு குருவி வந்து உட்கார்ந்து அரிசியைக் கொத்தியது. அவள் விரட்டவில்லை.

“காத்து, பிரகாசி” என்றார் தொம்மை. “காத்து இரைச்சல்ல ஒண்ணும் கேக்கல.”

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காத்து உங்க முதுகுலதானே அடிச்சுது? அவுக உங்களுக்குப் பின்னாலதானே இருந்தாக?”

அவர் தலை குனிந்தார்.

“அவுக பேசினா, காத்தே கொண்டுவந்து உங்க காதுல போட்டிருக்குமே.”

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். பிரகாசி முறத்தை எடுத்துக்கொண்டாள்.

“சரி. போயிட்டு வாங்க” என்று உள்ளே போனாள். இந்த முறை கதவைச் சாத்தினாள்.

*

தொம்மை முனைக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. சலேத் அந்தக் கூட்டைக் கழுவிக் காயவைத்து, கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

“போனேன் தாயி.”

“ம்.”

“நாற்காலி போட்டா. கடைசியா என்ன சொன்னான்னு கேட்டா. கேக்கலேன்னுட்டேன். பொய்.”

ஊசி வலைக்குள் போய் வந்துகொண்டிருந்தது.

“கேட்டுது தாயி. நல்லாவே கேட்டுது. ‘பொறுடா தொம்மை, வாரேன்’னான்.” அவர் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். “கயிறைப் பிடிச்சுக்கிட்டு நீந்தி வந்துட்டிருந்தான். பாதிக் கயிறு வந்துட்டான். தலை தெரிஞ்சுது, கை தெரிஞ்சுது. மத்த ரெண்டு பேரும் குனிஞ்சு தண்ணி இறைச்சுட்டிருந்தாங்க. பாக்கல. நான் மட்டும்தான் பாத்தேன். பாத்துட்டுத்தான் அறுத்தேன்.”

ஊசி நின்றது.

“இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா வந்திருப்பானா, இல்ல எல்லாருமே போயிருப்போமா, எனக்குத் தெரியல. போலீஸ்கிட்ட இதை நான் சொல்லல. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலயும் சொல்லல. கயிறை அறுத்தேன்னு மட்டும்தான் சொன்னேன். இன்னைக்குத்தான் வாய் திறக்கிறேன்.”

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சலேத் அவர் அழுது முடிக்கும்வரை அசையாமல் இருந்தாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

“சொல்லிட்டேன்” என்றார் தொம்மை, முகத்தைத் துடைத்தபடி. “இனியாவது சொல்லு தாயி. எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

சலேத் தெருவிளக்குகள் எரியத் தொடங்கிய ஊரின் பக்கம் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“வீடு மாறி வந்து சொல்றீங்க, அண்ணே.”