பன்னிரண்டு செம்பருத்தியும் மூன்று காவல்காரர்களும்

எங்கள் ஊரில் சென்னியப்பன், பொங்கியண்ணன், குப்பணன் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். செலவழித்தால் தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் மூவரும் மூளையைப் பத்திரமாகச் சேமித்து வைத்திருந்தார்கள். ஆனால் சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். அதை நம்பித்தான் நித்திலா அவர்களைக் காவலுக்கு வைத்தாள், பாவம்.

நித்திலா சிற்பக் கலைஞர். பழைய பஞ்சு குடோன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் பன்னிரண்டு தொட்டிகளில் செம்பருத்திச் செடிகளை வைத்திருந்தாள். பதினொன்று அவள் கைவேலை. சைக்கிள் டியூபிலும் எக்ஸ்ரே ஃபிலிமிலும் வெட்டிப் பச்சை பூசிய இலைகள், மாத்திரை அட்டையில் மொட்டு, பலூனில் இதழ். கிட்டே நின்றாலும் பொய்யென்று தெரியாது. ஒன்றே ஒன்று மட்டும் மண்ணில் முளைத்த நிஜச் செடி. வருகிறவர்கள் எது நிஜம், எது செயற்கை என்று திண்டாட வேண்டும், அதுதான் அவளுடைய கலை.

சென்னையிலிருந்து கலைக்கூடத் தலைவர் ஒருவர் பார்க்க வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் பெரிய கண்காட்சியில் இடம். பிடிக்காவிட்டால் எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிட்டு டிராயிங் டீச்சராகப் போய்விடுவதாக வீட்டில் வாக்குக் கொடுத்திருந்தாள்.

அவரை அழைத்துவரக் கிளம்பும்போது நிஜச் செடியைக் காட்டி, இதற்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள் என்றாள். பிறகு, "எது நிஜம்னு மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது. மனுசங்க யாரையும் உள்ள விட்றாதீங்க" என்றாள்.

கார் போனதும் சென்னியப்பன் கவலையோடு உட்கார்ந்தான். "யாருக்கும்னா, நாமளும் அதுல சேர்த்திதானே?"

"சேர்த்திதானுங்ணா. ஆனா அம்மிணி நமக்குக் காட்டிப்போட்டாங்களே" என்றான் பொங்கியண்ணன்.

"அப்ப மறந்தர்லாம்" என்றான் குப்பணன்.

முயன்று பார்த்தார்கள். மறக்க மறக்க அந்தச் செடியே கண்ணுக்குள் நின்றது. கடைசியில் மூவரும் கண்ணைக் கட்டிக்கொண்டு தொட்டிகளை இடம் மாற்றிவைத்தார்கள். ஆளுக்கொரு கால்விரல் நசுங்கியது. இனி எதற்கு ஊற்றுவது என்று தெரியாததால் பன்னிரண்டுக்கும் தண்ணீர் ஊற்றினார்கள்.

சாயங்காலம் ஒரு பூ மட்டும் சுருங்கியது. செம்பருத்தியின் வழக்கம் அது. இப்படியே விட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பதறி, மற்றப் பூக்களையெல்லாம் சுருட்டி நூலால் கட்டினார்கள். கட்டாமல் விட்ட அந்த ஒன்றைத் தாங்கள் பார்க்கவே இல்லை என்று ஒருவருக்கொருவர் சத்தியமும் செய்துகொண்டார்கள்.

காலையில் வாசலில் ஓர் ஆடு வந்து நின்றது. ஆடு மனுசனில் சேர்த்தியில்லை என்று முடிவாகி, கதவைத் திறந்துவிட்டார்கள். அது சைக்கிள் டியூபை முகர்ந்து தும்மியது. மாத்திரை அட்டையைக் கடித்துத் துப்பியது. பிறகு ஒரு தொட்டியில் தலையை விட்டு அடிக்கட்டை வரை மேய்ந்தது.

"ஆடு நிஜச் செடியத்தானே திங்கும்? அப்படீன்னா அதுதான்..." என்று ஆரம்பித்தான் குப்பணன்.

சென்னியப்பன் அவன் வாயைப் பொத்தினான். "யோசிக்காதடா. யோசிச்சா நமக்குத் தெரிஞ்சு போயிரும்."

யோசிக்காமல் இருப்பது அவர்களுக்குச் சிரமமாக இல்லை. ஆனால் ஒன்று மட்டும் மொட்டையாக நின்றால் வருகிறவர்கள் கண்டுபிடித்துவிடுவார்களே. கத்தரியை எடுத்து மிச்சமிருந்த பதினொன்றையும் அதே உயரத்துக்கு வெட்டித் தள்ளினார்கள். இப்போது விஷயம் தெரிந்தது ஆட்டுக்கு மட்டும்தான். அதன் வாயைத் துண்டால் கட்டி மூலையில் நிறுத்தினார்கள்.

நித்திலா தலைவரோடு உள்ளே வந்தாள். பன்னிரண்டு தொட்டியில் பன்னிரண்டு கட்டைகள். இரண்டு வருட உழைப்பு குப்பைக்கூடையில் கிடந்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தலைவர் ஒவ்வொரு தொட்டியாகக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து, இதில் எது நிஜம் என்று கேட்டார்.

சென்னியப்பன் கைகட்டி முன்னால் வந்தான். "எங்க யாருக்கும் தெரியாதுங்க. அந்த ஆட்டுக்கு மட்டும்தான் தெரியும். அவுத்து உட்றாதீங்க, சொல்லிப்போடும்."

தலைவர் எந்தக் கலைப்படைப்பையும் அவசரப்படாமல் ரசிக்கிறவர். ஆட்டின் முன்னால் மண்டியிட்டுத் துண்டை அவிழ்த்தார். அதன் வாயருகே காதைக் கொடுத்தார். அண்ணன் தம்பி மூவரும் சட்டென்று தங்கள் காதுகளைப் பொத்திக்கொண்டார்கள். ஆடு ஒரு தரம் கத்தியது.

எழுந்தபோது தலைவரின் முகம் மலர்ந்திருந்தது. கண்காட்சியில் முதல் இடம் உனக்குத்தான் அம்மா, ஆட்டையும் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்றார். நித்திலாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மூவரும் அப்போதுதான் காதிலிருந்து கையை எடுத்தார்கள். அதனால் தலைவர் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் அவர்களுக்குக் கேட்டது.

"எது நிஜம்னு இப்ப எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

சென்னியப்பன் கீழே கிடந்த துண்டை எடுத்து உதறினான். "மன்னிச்சுக்கோங்க சாமி, வாயைக் கொஞ்சம் மூடுங்க" என்று பணிவாகச் சொல்லிக்கொண்டே அவரை நெருங்கினான். தம்பிகள் இருவரும் மரியாதை குறையாமல் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள்.