சென்னியப்பன் அண்ணனும் மூன்றாம் மாடிக் கப்பியும்

எங்கள் பனியன் கம்பெனியில் புளுகுவதற்கென்று தனி செக்‌ஷன் கிடையாது. இருந்திருந்தால் அதற்கும் சென்னியப்பன் அண்ணன்தான் இன்சார்ஜ். இப்போதைக்கு அவர் ஸ்டோர் இன்சார்ஜ், கூடவே தீப்பிடித்தால் ஆட்களைக் காப்பாற்றுவதற்கும் இன்சார்ஜ். மழையில் நனைந்து வந்தால் நாற்பத்தைந்து கிலோ இருப்பார். அவர் பேச்சை ஏற்ற லாரி பத்தாது.

காப்பாற்றுவதற்கு அவரிடம் ஒரு கப்பி இருந்தது. மூன்றாம் மாடியில், நாங்கள் தைக்கிற இடத்தில், கடைசி ஜன்னலுக்கு உள்பக்கம், வேண்டும்போது வெளியே நீட்டுகிற மாதிரி ஓர் இரும்புக் கை. அதில் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பெல்ட். ஒருவர் இந்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கீழே போனால், கீழே கிடக்கிற அந்த பெல்ட் மேலே வந்து அடுத்தவருக்குத் தயாராகிவிடும். கப்பிக்குள் பிரேக் இருப்பதால் யாரும் தொப்பென்று விழ மாட்டார்கள். முதலில் வாங்கிய கப்பியை எவனோ அந்த ஜன்னல் வழியாகவே ஏறி வந்து திருடிக்கொண்டு போய்விட்டான். புதுசு வந்ததிலிருந்து அண்ணன் அதற்குப் பலத்த பாதுகாப்பு போட்டிருந்தார். அதைப் பற்றியும் பெருமை பேசுவார்.

துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் வருஷம் ஒரு தடவை பாதுகாப்பு ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். இந்த வருஷம் புதுசாக, ஆடிட் அன்றைக்கு மூன்று மணிக்கு வருகிற மேடம் முன்னால் ஒரு ஆள் கப்பியில் இறங்கிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் குழந்தை பனியன் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும், எங்கள் மாடியில் மெஷினுக்கு உறை போட்டு மூட வேண்டியதுதான். யார் இறங்குவது என்று மேனேஜருக்குக் குழப்பமே வரவில்லை. பத்து வருஷமாக அண்ணன் சொல்லிவந்த கதையெல்லாம் அவரும் கேட்டிருந்தார். ‘அனுபவமுள்ள ஆள் இருக்கிறார்’ என்று எழுதியே அனுப்பிவிட்டார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. அதைப் பார்த்த ஓவர்லாக் மெஷின் பாவாயி அக்கா சும்மா இருப்பாளா? நாலு அண்ணனைச் சேர்த்து முறுக்கினாலும் அக்காவில் பாதிதான் வரும் என்று நாங்கள் கேலி செய்வோம். அவ்வளவு வாட்டசாட்டம். அதோடு, அண்ணன் வாயைத் திறந்தாலே கேள்வி கேட்பதற்கென்று பிறந்தவள்.

“ஏனுங்ணா, நெசமாலுமே நீங்க கப்பியில எறங்கியிருக்கறீங்களா?” என்றாள்.

அவ்வளவுதான், மடை திறந்தது.

பம்பாயில் ஏழு மாடி மில்லாம். உள்ளே நூற்றிப் பதினாலு ஆட்களாம், ஒரே ஒரு கப்பியாம். அண்ணன்தான் முதலில் இறங்கினாராம். தரையைத் தொட்டு பெல்ட்டைக் கழற்றுவதற்குள் மேலே ஒரு தடியன் மற்ற பெல்ட்டை மாட்டிக்கொண்டு குதித்துவிட்டானாம். அவன் கீழே வர வர அண்ணன் மேலே போய், மறுபடி தீக்குள்ளேயே போய் நின்றாராம்.

“உள்ளூர்ல ஓணான் புடிக்காதவன் உடையார்பாளையத்துல உடும்பு புடிச்சானாம்” என்றாள் அக்கா. போன மாசம் கோயமுத்தூருக்கு எந்த பஸ் என்று தன்னிடம்தானே கேட்டார், பம்பாய்க்கு எந்த பஸ்ஸில் போனார் என்றும் விசாரித்தாள்.

அண்ணன் காதில் வாங்கவில்லை. தடியன் இறங்கியாச்சு, அடுத்தவனுக்கு பெல்ட் வேண்டுமே. அதனால் அண்ணன் மறுபடி இறங்கினாராம், அடுத்தவன் குதிக்க மறுபடி ஏறினாராம். இப்படி நூற்றிப் பதினாலு பேருக்கும் நூற்றிப் பதினாலு தடவை.

“கீழ வந்தப்பவே பெல்ட்ட அவுத்துட்டு ஓடியிருக்கலாமல்லங்ணா?” என்று நான் கேட்டேன்.

“ஓடியிருக்கலாங் கண்ணு. அப்பறம் அவங்களுக்கு எதிர் எடை ஆரு?” என்றார் அண்ணன். சொல்லும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது. “எறங்கையில சட்டையில நெருப்புப் புடிக்கும், காத்து வேகத்துல அணைஞ்சுரும். எதிர்த்த கட்டடத்துல நாலாவது மாடி ஜன்னலோரம் ஒரு டீ மாஸ்டர். கீழ போகையில டீ சொன்னேன், மேல வரையில வாங்கிக் குடிச்சேன், அடுத்த தடவ போகையில டம்ளரத் திருப்பிக் குடுத்தேன்.”

சர்க்கரை போட்டானா என்றாள் அக்கா. அதற்கு நின்று கேட்க நேரமில்லையாம்.

மணி ஒன்றே முக்கால். கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பார்கள். நாங்கள் கேனைகள் இல்லை, ஆனால் நெய் வடிவதை வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் பிடிக்காது? ஆளுக்கு ஒரு துணிக்கட்டை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். அண்ணன் அடுத்ததாக ஈரோட்டுக்குப் போனார்.

அங்கே ஐந்து மாடிக் கல்யாண மண்டபம், மொட்டை மாடியில் மணவறை. சமையல்கட்டில் தீப்பிடித்துப் படி முழுக்கப் புகை. இந்தத் தடவை அண்ணன் ரெண்டு பெல்ட்டையும் மேலேயே வைத்துக்கொண்டாராம். மாப்பிள்ளைக்கு ஒன்று, பொண்ணுக்கு ஒன்று, ரெண்டு பேரையும் ஒட்டுக்கா இறக்கினாராம்.

ரெண்டு முனையும் ஒன்றாகக் கீழே போக அது என்ன ரப்பர் கயிறா என்று அக்கா மடக்கினாள். அண்ணன் ஒரு நிமிஷம் கூடத் தயங்கவில்லை.

“அதத்தான் சொல்ல வர்றேன் அம்மிணி. பாதி தூரம் வந்தாங்க, நின்னு போச்சு. ரெண்டு பேரும் ஒரே எடை, ஒரு குண்டுமணி கூடக் கொறைய இல்ல. நம்ம சனம் பத்துப் பொருத்தம் பாக்குது, எடைப் பொருத்தம் பாக்குதா? அங்க அது அமைஞ்சு போச்சு. மூணாவது மாடிக்கு நேரா, மூஞ்சிக்கு மூஞ்சி, அந்தரத்துல தொங்கறாங்க. முகூர்த்தம் முடிய நாலு நிமிசம்.”

மேலேயிருந்து கெட்டிமேளம் முழங்க, மாப்பிள்ளை அந்தரத்திலேயே ரெண்டு முடிச்சுப் போட்டாராம். மூன்றாவது முடிச்சு நாத்தனார் போட வேண்டுமே. அண்ணன் நாத்தனாரை முதுகில் கட்டிக்கொண்டு கயிற்றைப் பிடித்து இறங்கிப் போய் அதையும் போட வைத்தாராம். அப்புறம் சாஸ்திரத்துக்கு மாப்பிள்ளை கையில் ஒரு தேங்காயைக் கொடுத்தார்களாம். அந்தத் தேங்காய் எடைக்கு மாப்பிள்ளை சர்ரென்று கீழே போக, பொண்ணு சர்ரென்று மேலே, தீக்குள்ளே.

“ஐயோ” என்று நான் நிஜமாகவே சொல்லிவிட்டேன். அக்கா என்னை முறைத்தாள்.

“பயப்படாத கண்ணு. மாப்ளையோட அம்மா ஒடிசலான பொம்பள. கீழ கெடந்த பெல்ட்ட அந்தம்மா இடுப்புல மாட்டுனேன். பொண்ணு பத்தரமா எறங்குச்சு, மாமியா மேல போயிருச்சு. அந்தப் பொண்ணு இன்னைக்கு வரைக்கும் தீவாளிக்கு எனக்குத் துணி எடுத்துக் குடுக்குது.”

மாமியாரின் கதி என்ன என்று எல்லோரும் கேட்டோம். அவரையும் இறக்கியாச்சு, அவசரமில்லாமல் இறக்கினேன் என்றார்.

மணி ரெண்டரை. மேனேஜர் கீழே வாசலில் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தார். அண்ணன் அவரை எட்டிப் பார்த்தார், கப்பியைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார். எனக்குப் பாவமாக இருந்தது. கதையை நிறுத்தினால் மூன்று மணி வந்துவிடும் என்று அவர் நினைத்தது போலிருந்தது. குரலை இன்னும் ஏற்றினார்.

“எல்லாரயும் எறக்கியாச்சு. சீர்தட்டு, சாம்பார் அண்டா, நாயனக்காரர், ஒண்ணு பாக்கியில்ல. அண்ணாந்து பாக்கறேன், மொட்ட மாடியில தீ மட்டும் தனியா நிக்குது. எரிக்கறதுக்கு ஒண்ணுமில்ல, பேச்சுத் தொணைக்கும் ஆளில்ல. விளிம்புக்கு வருது, எட்டிப் பாக்குது, பின்னால போகுது. பயம். அது பொறந்ததுல இருந்து மேல ஏறித்தான பழக்கம், கீழ எறங்கிப் பழக்கமில்லையே.”

நாங்கள் துணிக்கட்டுகளை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்திப் போட்டோம்.

“மேல போனேன். பெல்ட்ட மாட்டுனேன். இறுக்குனா அணைஞ்சுரும்னு லூசா மாட்டுனேன். கீழ பாக்காத சாமி, என்னையப் பாருன்னு சொல்லிச் சொல்லி எறக்குனேன். கீழ பயர் சர்வீஸ்காரங்க தண்ணியோட நின்னாங்க. நம்பி வந்தது மேல தண்ணி ஊத்தறதாவதுன்னு வெரட்டிட்டு, கூட்டிட்டுப் போயி அடுப்புல விட்டேன். மத்தியானப் பந்தி அதுல ஆக்குனதுதான்.”

பெல்ட் எரியவில்லையா என்று அக்கா கேட்டாள். அவள் குரலிலேயே முன்பிருந்த வேகம் இல்லை.

“நம்பி வந்தது கடிக்குமா அம்மிணி?” என்றார் அண்ணன்.

அந்த நேரத்தில் ஆடிட் மேடம் படியேறி வந்தார். வந்ததும் சிரிக்கவில்லை, டீ வேண்டாம் என்றார், யார் இறங்குகிறார்கள் என்று கேட்டார். அண்ணன் பெல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜன்னலுக்குப் போனார். மேனேஜர் கதவுகளைப் படீரென்று திறந்தார்.

ஜன்னல் முழுக்கக் கம்பி. சுவரோடு சேர்த்து வெல்டிங் வைத்த கிரில். பூனை கூட நுழைய முடியாது. நடுவில் வளைத்து வளைத்து அண்ணனின் இனிஷியலும் பேரும் வேறு.

அந்த ஜன்னலுக்கு ஒன்றரை வருஷமாக முதுகைக் காட்டி உட்கார்ந்து தைக்கிறேன் நான். எனக்கே அது உறைக்கவில்லை. மேனேஜருக்கும் உறைக்கவில்லை. எங்கள் ஊரில் ஜன்னல் என்றால் கம்பியோடுதான் ஜன்னல். கம்பியில்லாத ஜன்னலைத்தான் எங்கள் கண் விசித்திரமாகப் பார்க்கும்.

மேடம் ஒவ்வொரு கம்பியையும் விரலால் தொட்டுப் பார்த்தார். இது எதற்கு என்று கேட்டார்.

“கப்பியத் திருடிட்டுப் போயிடறானுகங்க மேடம். நானே நின்னு அடிச்சது. இப்ப அதுக்கு ஒரு ஆபத்தும் வராதுங்க” என்றார் அண்ணன்.

“கப்பிக்கு வராது, சரி. ஆட்களுக்கு?” என்றார் மேடம்.

அண்ணன் முகத்தில் வெட்கம் வர வேண்டிய இடத்தில் நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். ஆனால் அது ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஐந்து மணி வரை காத்திருப்பதாக மேடம் சொல்லிவிட்டார். மேனேஜர் ஓடிப்போய் எதிர் லேத் பட்டறைக்காரரைக் கூட்டிவந்தார். அவர் கட்டரை வைத்து அண்ணன் பேரை எழுத்து எழுத்தாக அறுத்து எடுத்தார். நாலரைக்கு ஜன்னல் வெறும் வானமாக நின்றது. அதன் பக்கத்தில் போகவே எங்களுக்குக் கால் கூசியது.

இரும்புக் கையை வெளியே நீட்டி, முதலில் ஒரு நூல் மூட்டையைக் கட்டி இறக்கிப் பார்க்கலாம் என்றார் மேனேஜர். அதைக் கீழே வாங்குவதற்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டு, அண்ணன் ரெண்டு ரெண்டு படியாகத் தாவி இறங்கிப் போய்விட்டார். மூட்டை பூப்போல இறங்கியது. அண்ணன் அதை அவிழ்த்தார். மேலே ஏறி வருவார் என்று காத்திருந்தோம், வரவில்லை. கீழேயிருந்தே கையை ஆட்டினார்.

“பெல்ட்ட எப்பிடிக் கட்டோணும்னு நான் இங்கிருந்தே காட்டறேன். மேல ஆராச்சும் அதே மாதிரி கட்டிக்கோங்க” என்று கத்திக்கொண்டே, கீழே கிடந்த பெல்ட்டைத் தன் இடுப்பில் சுற்றி, கொக்கியை மாட்டி, மூன்று தடவை இழுத்து வேறு காட்டினார்.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேனேஜர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். மேடம் பேனா மூடியைத் திறந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மெஷினை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அக்காவுக்கும் இல்லை.

பாவாயி அக்கா எழுந்தாள். புடவையை இழுத்துச் செருகினாள். ஜன்னலுக்குப் போய் கீழே எட்டிப் பார்த்தாள். அண்ணன் பெல்ட்டை ஒழுங்காக மாட்டியிருக்கிறாரா என்று கண்ணைச் சுருக்கி நல்லாப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் மேல் பெல்ட்டைத் தன் இடுப்பில் கட்டி, “புடி கலாமணி” என்று செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஜன்னல் கட்டையில் உட்கார்ந்து வெளியே நகர்ந்தாள்.

ஆர்டர் தப்பித்தது. அக்கா ஜன்னலைத் தாண்டிய அந்த நொடியே மேடம் டிக் போட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதன் பிறகு மேடம் கூடப் பேனாவை விட்டுவிட்டு ஜன்னலில் தலையை நீட்டினார். ஏனென்றால் அக்கா அம்மன் தேர் மாதிரி அசையாமல் கீழே போய்க்கொண்டிருக்க, எதிர்ப்பக்கம் சென்னியப்பன் அண்ணன் கைகாலை உதறிக்கொண்டு தரையை விட்டு மேலே வந்துகொண்டிருந்தார். கொக்கியை அவிழ்க்கப் பார்த்தார், அதற்குள் அவிழ்க்க முடியாத உயரத்துக்கு வந்துவிட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

சரியாக நடுவில் ரெண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி வந்தார்கள். அக்கா அவர் தோளை லேசாகத் தட்டினாள்.

“மேல தீ மட்டும் தனியா நிக்குதுங்ணா. பத்தரமா எறக்கிக் கூட்டிட்டு வாங்க” என்று சொல்லிவிட்டுக் கீழே போய்விட்டாள்.