பெயர்மேல் ஒட்டிய பிளாஸ்டர்

டாக்டர் மைமூனின் நுரையீரல் ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்கேன் படத்தைப் பார்க்கும் முன், நோயாளியின் பெயர்மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட வேண்டும். பெயர் தெரிந்தால் கண் பொய் சொல்லும் என்பார் அந்த அம்மா. அவரிடம் சாக்குப்போக்கெல்லாம் செல்லாது.

அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த டாக்டர் தணிகாசலத்துக்கு நாற்பது வயது. மறதி நோய்க்குத் தரும் மாத்திரையை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அதனால் நுரையீரலில் தழும்பு கூடுவதைக் கண்டுபிடித்ததே தணிகாசலம்தான். ஆனால் முடிவை எழுதிக் கொடுக்காமல் மூன்று வாரமாக இழுத்தடித்தார்.

மைமூன் கூப்பிட்டுக் கேட்டார். "என்னப்பா தயக்கம்?"

"எலிக்கு வந்தா மனுசனுக்கும் வரணுமா மேடம்?"

மைமூன் பிளாஸ்டர் ஒட்டிய இரண்டு படங்களை எடுத்து விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"ஒரே ஆள். ஆறு மாச இடைவெளி. பார்த்துச் சொல்லு."

"ரெண்டு பக்கமும் அடியில தழும்பு. ரெண்டாவது படத்துல நல்லாவே பரவியிருக்கு."

"அந்த மாத்திரை சாப்பிடுறவங்க."

"அப்ப இன்னிக்கே நிறுத்தச் சொல்லுங்க மேடம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

மைமூன் பிளாஸ்டரை உரித்தார். சொர்ணாம்பாள், வயது எழுபத்தொன்று. தணிகாசலத்தின் அம்மா. இதே படங்களைப் போன வாரம் பெயரோடு பார்த்துவிட்டு, 'வயசுக்கு உண்டானதுதான்' என்று குறிப்பு எழுதி வைத்தவரும் தணிகாசலம்தான்.

பாவம், மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போன வருசம் அம்மா என்னைப் பார்த்து, கரண்ட் மீட்டர் பாக்க வந்தியாப்பான்னு கேட்டாங்க. மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான் திரும்பவும் தணின்னு கூப்பிடுறாங்க. நிறுத்தினா அதுவும் போயிடும் மேடம்."

"இருமல்?"

"இருக்கு."

"மூச்சு?"

"நாலு படி ஏற முடியல."

"அதுக்கு என்ன எழுதி வச்சே?"

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

மைமூன் எழுந்து வந்தார். உரித்த பிளாஸ்டரைத் தணிகாசலத்தின் கோட்டில் குத்தியிருந்த பெயர்ப் பட்டைமேல் ஒட்டி, விரலால் அழுத்தினார்.

"இப்படியே வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்து. மீட்டர் பாக்க வந்தியான்னு கேட்டா, ஆமாம்மான்னு சொல்லு."