செத்தால்தான் நல்ல மீன்

எனக்கு வயது ஐம்பத்திரண்டு. என் குருவுக்கு முப்பத்தொன்று. பெயர் ரெஜினா, கொளத்தூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கிறார். வேலை பார்த்த மில்லை மூடிய பிறகு நான் அங்கே தொட்டி கழுவச் சேர்ந்தேன். மீனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது.

ஒருநாள் டைல்ஸ் கடை தெய்வநாயகம் வந்தார்.

"மூணாவது மீனும் போச்சு!" என்றார், பேரன் பிறந்த சேதி சொல்கிற மாதிரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தண்ணி மாத்துனீங்களா சார்?"

"அட, தண்ணியில என்னப்பா இருக்கு? வாஸ்து மீன். வீட்டுக்கு வர்ற கெட்டதைத் தன் மேல வாங்கிக்கிச்சு. போன வாரம் மச்சான் பைக்லேர்ந்து விழுந்தான், ஒரு கீறல் இல்ல. அன்னிக்கே மீன் செத்துது. எப்பேர்ப்பட்ட மீன்!"

நாற்றத் தண்ணியில் மூச்சு முட்டிச் செத்ததுக்கு இத்தனை பாராட்டு. தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இந்த வேலையில் மீனால் ஒரு தொல்லையும் இல்லை, வாங்க வருகிறவர்கள்தான் உயிரை எடுப்பார்கள்.

"இந்த வாட்டி அதைக் குடுங்க" என்று விரலை நீட்டினார்.

அது குண்டன். வால் கிழிந்து வந்தவன். தேறாது என்று எல்லோரும் கைவிட்டதை எட்டு மாதம் நான் பார்த்துப் பார்த்துத் தேற்றினேன். கண்ணாடியில் விரல் வைத்தால் விரல் போகிற பக்கமெல்லாம் கூடவே வருவான்.

ரெஜினாவைத் தனியே கூப்பிட்டேன். "அந்தாளுக்குக் குடுக்காதீங்கம்மா. ஒரே மாசத்துல கொன்னுடுவாரு. குடுத்தீங்கன்னா நாளையிலேர்ந்து நான் வரமாட்டேன், சத்தியமா."

"நாம குடுக்கலன்னா பக்கத்துக் கடையில வேற ஒண்ணை வாங்கிக் கொல்லுவாருண்ணா" என்று வலையை எடுத்தார்.

குண்டனைப் பையில் கட்டினார். பிறகு கேட்டார்: "சார், கெட்டதை மீன் வாங்கிக்குது. வாங்கி எங்க விடும்?"

"எங்க?"

"தண்ணியிலதான். அந்தத் தண்ணிய மாசக்கணக்கா நடுக்கூடத்துல வச்சிருந்தீங்களா?"

தெய்வநாயகத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "ஐயோ... இப்ப என்னம்மா பண்றது?"

"வெள்ளிக்கு வெள்ளி கால்வாசி மொண்டு வெளிய ஊத்துங்க. முந்தின நாளே பிடிச்சு வச்ச தண்ணிய விடுங்க. தீனி கொஞ்சமாப் போடுங்க. ஒரு வாரம் தப்பக்கூடாது."

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

நான் வேலையை விடவில்லை. குண்டன் செத்த சேதி வரட்டும், நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போகலாம் என்று இருந்தேன்.

ஆறு மாதம் கழித்து தெய்வநாயகம் வந்தார். முகம் வாடியிருந்தது. குண்டன் போய்விட்டான் என்றே நினைத்தேன்.

"என்னம்மா மீன் குடுத்தீங்க? சாகவே மாட்டேங்குது! வேலை செய்யுதா இல்லையா?"

"வீட்ல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சா சார்?"

"இல்லியே."

"அப்புறம் என்ன?"

"அதுவும் சரிதான்" என்றார். பிறகு போனை எடுத்து வீடியோ காட்டினார். அவர் விரல் போகிற பக்கமெல்லாம் குண்டன் போய்க்கொண்டிருந்தான். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அவர் போனதும் வெடித்துவிட்டேன். "ஏமாத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமாம்மா? அவருக்கு எப்பதான் உண்மையைச் சொல்லப்போறீங்க?"

ரெஜினா தொட்டியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"குண்டன் சொல்லச் சொன்னா சொல்லிடலாம்ணா."