மேசைமேல் மணிமுடி

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் அந்த நாட்டுக்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள், செங்கோடவர்மன் என்று ஓர் அரசன் இருந்தான். அவன் அரண்மனையில் நாற்பது சமையல்காரர்கள். வேளைக்கு முப்பத்திரண்டு வகைக் கறி. சாப்பிடுவது மட்டும் ஒரே ஓர் ஆள். அரசன் உண்பதை யாராவது பார்த்தால் கண் பட்டுவிடும் என்று அந்த வம்சத்தில் ஒரு வழக்கம். ஆகவே பொன்னிழைத் திரையைச் சுற்றிலும் கட்டி, அதற்குள்ளே இலை போடுவார்கள்.

அரசி இருந்தவரை திரைக்குள்ளே இரண்டு இலை. காய்ச்சலில் அவள் போனபின் மூன்று வருடமாக ஒற்றை இலை. பரிமாறுகிறவன்கூடக் குனிந்த தலை நிமிராமல் வைத்துவிட்டு ஓடிவிடுவான். அரசன் நாலு வாய் உண்பான், எழுந்துவிடுவான். தனிமை ஐயா, தனிமை! நமக்காவது புலம்பத் தோன்றினால் பக்கத்து வீட்டுக்குப் போகலாம். அரசனுக்குப் பக்கத்து வீடு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, அதுவும் பகையாளி வீடு.

அரசன் சபையில் கூத்தாண்டி என்று ஒரு விகடன் இருந்தான். நாளுக்கு ஒருமுறை அரசனைச் சிரிக்க வைப்பது அவன் வேலை. அரசி போன நாளிலிருந்து அரசன் உதட்டை மட்டும் அசைப்பான், சிரிப்பு வராது. கூத்தாண்டிக்கும் வீட்டில் யாரும் இல்லை. ஊரையே வயிறு குலுங்கச் சிரிக்க வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தன் சோற்றைத் தானே பொங்கித் தானே தின்பான். அரசனோடு பேசும் அந்த ஒரு நாழிகைக்காகத்தான் அவன் மீதி நாளைக் கழித்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் சபைக்கு ஒரு கப்பல் வணிகன் வந்தான். கடல் தாண்டி ஒரு நாட்டில் பந்தி என்பதே கிடையாதாம். நீளமான மேசை ஒன்றை அலங்கரித்து, பண்டங்களை எல்லாம் அதன்மேல் வைத்துவிடுவார்களாம். வந்தவர்கள் வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொண்டு, நின்றும் நடந்தும் பேசிக்கொண்டும் உண்பார்களாம். அரசன் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு, ‘பேசிக்கொண்டும்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டான்.

“கூத்தாண்டி, வரும் பௌர்ணமியன்று உச்சிவேளையில் அப்படி ஒரு விருந்தை நீ கொடுக்க வேண்டும். நகரில் அறுபது வீட்டாரை அழை. அரண்மனையில் எது அழகாக இருந்தாலும் எடுத்து மேசையை அலங்கரி. நானும் வருகிறேன்” என்றான்.

மடைப்பள்ளிக்கு அதிகாரி பரமேட்டியார். மரியாதையாகவே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இன்றைக்கும் கோபித்துக்கொள்வார். சோற்றுப் பொறுப்பு தன்னுடையதாயிருக்க, விருந்தை ஒரு கோமாளிக்குக் கொடுத்தது அவருக்கு வயிற்றெரிச்சல். ஆனால் முகத்தில் காட்டவில்லை. அயல்நாட்டு முறை என்றால் முறையாகவே நடக்க வேண்டும் என்று குழைவாக ஆரம்பித்தார். விருந்தாளிகளே எல்லாம் பார்த்துக்கொள்ளும் விருந்துக்கு அரண்மனைச் சமையல்காரன் எதற்கு, பணியாள் எதற்கு? மடைப்பள்ளியிலிருந்து ஒரு பிடி அரிசிகூடப் போகக் கூடாது. மேசை அலங்காரம் தொடக்கத்தில் இருந்தபடியே கடைசிவரை அசையாமல் இருக்க வேண்டும். விருந்தில் ஒரே ஒருவர் பசியோடு திரும்பினாலும் கூத்தாண்டி நாட்டைவிட்டே போய்விட வேண்டும். இத்தனையும் அடுக்கிவிட்டு, “தங்கள் புகழுக்கு இழுக்கு வரக் கூடாதே என்றுதான் சொல்கிறேன், அரசே” என்று முடித்தார். அரசன் பேச்சுத் துணை கிடைக்கப்போகும் நினைப்பில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டான்.

கூத்தாண்டி அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தான். நாட்டைவிட்டுப் போவது பெரிதில்லை, இரண்டு வேட்டியும் ஒரு சட்டியும்தான் சொத்து. ஆனால் போன இடத்தில் அவனிடம் யார் பேசுவார்கள்? இங்கே இந்த அரசனிடம்தான் யார் பேசுவார்கள்?

மறுநாள் முதல் அவன் அறுபது வீட்டுக் கதவையும் தட்டினான். பாளையத் தலைவன் வீடு, செட்டியார் வீடு, தவில்காரர் வீடு, உப்பு விற்கும் வெள்ளச்சி வீடு. எல்லாரிடமும் சொன்னது ஒன்றுதான்: அரசர் விருந்துக்கு வாருங்கள், வரும்போது உங்கள் வீட்டில் உங்கள் கையால் செய்த பண்டம் ஒரு சட்டி கொண்டுவாருங்கள். அரண்மனைக்கே நம் வீட்டுக் கறி போகிறது என்றதும் அறுபது வீட்டிலும் அம்மியும் உரலும் ஓயவில்லை.

பிறகு அரசனிடம் வந்தான். “விருந்து கொடுப்பவன் நான் என்று ஆணையிட்டீர்கள். அப்படியானால் தாங்கள் விருந்தாளி. விருந்தாளிக்கெல்லாம் ஒரே சட்டம்தான், அரசே. தங்கள் கையால் ஒரு சட்டி.”

“எனக்கு ஒன்றும் செய்யத் தெரியாதே.”

“ஒன்றே ஒன்றாவது தெரிந்திருக்கும்.”

அரசன் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, “பானகம் கரைப்பேன்” என்றான். அரசி காய்ச்சலில் கிடந்தபோது வேறெதுவும் அவள் தொண்டையில் இறங்கவில்லை. அவன் கரைத்துக் கொடுத்த பானகம் மட்டும் இறங்கியது. அது கூத்தாண்டிக்குத் தெரியும்.

மடைப்பள்ளிப் பொருளைத் தொடக் கூடாதல்லவா? பௌர்ணமியன்று காலையில் அரசன் பின்வாசல் வழியாகக் கூத்தாண்டி வீட்டுக்குப் போனான். தானே வெல்லத்தைத் தட்டினான், இஞ்சியை நசுக்கினான், எலுமிச்சை பிழிந்தான். கை அதுவாகவே பழைய அளவில் போட்டது. கரைத்து முடித்து நிமிர்ந்தபோது மாடத்தில் ஒரு வட்டில் கவிழ்த்து வைத்திருப்பதைப் பார்த்தான்.

“உண்பதற்கு ஒரே வட்டில்தானா?”

“ஒரே வாய்தானே, அரசே.”

அரசன் அந்த வட்டிலை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, இருந்தபடியே கவிழ்த்து வைத்தான்.

இனி மேசையைப் பாருங்கள். அவ்வளவு நீள மேசை அரண்மனையில் கிடையாது. யானைக் கொட்டடியின் கதவுகள் ஆறைக் கழற்றி, அரண்மனைக் கூடத்தில் மரக்கட்டைகள்மேல் வரிசையாகக் கிடத்தியிருந்தான் கூத்தாண்டி. கதவு தெரியாதபடி மேலே விரித்திருந்த துணி என்ன தெரியுமா? அரசன் சாப்பிடும்போது சுற்றிக் கட்டும் அந்தப் பொன்னிழைத் திரை! அரண்மனையில் அதைவிட அழகான துணி இல்லையே, என்ன செய்வது? இரண்டு ஓரத்திலும் விரிந்த கமுகம்பாளை. இடையிடையே வெண்கல உருளியில் தண்ணீர் விட்டுத் தாமரை. சட்டிகள் வைக்க வட்டமாக நறுக்கிய வாழையிலை, அறுபத்தோர் இடத்தில். நட்ட நடுவில் ஒரு பட்டுத் திண்டு மட்டும் காலியாக இருந்தது.

“அங்கே என்ன வைக்கப் போகிறாய்?” என்றான் அரசன்.

“அழகான பொருள் எதுவானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். அரண்மனையிலேயே அழகானது தங்கள் தலைமேல் இருக்கிறது.”

வாக்கு வாக்குத்தானே. அரசன் மணிமுடியைக் கழற்றிக் கொடுத்தான். கூத்தாண்டி அதைத் திண்டின்மேல் வைத்து, சுற்றிலும் மல்லிகைச் சரம் விட்டான். தலை லேசானதும் அரசனுக்கு ஏனோ பயமாக இருந்தது. பானகச் சட்டியை எடுத்துக்கொண்டு மேசையின் கடைக்கோடியில், தூணோரமாகப் போய் நின்றான்.

விருந்தாளிகள் வந்தார்கள். ஊர் மக்கள் அரசனைக் கிட்டத்தில் கண்டதில்லை, மூடுபல்லக்குத்தான் கண்டிருக்கிறார்கள். சபையோர் முகத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை, மணிமுடியைப் பார்த்துத்தான் பழக்கம். ஆகவே எல்லாரும் மேசை நடுவிலிருந்த மணிமுடியைக் கும்பிட்டார்கள். பரமேட்டியார் அதன் பக்கத்திலேயே காவலுக்கு நின்றுகொண்டார். தூணோரம் நின்ற ஆளை ஒருவரும் பார்க்கவில்லை.

சட்டிகள் வரிசையாக அமர்ந்தன. ஆனால் ஒருவரும் தொடவில்லை. நம் ஜனங்கள் எப்படித் தொடுவார்கள்? ‘வாங்க, சாப்பிடுங்க’ என்று ஒருவர் சொல்லாமல் நாமாகப் போய்க் கை வைப்பதா? அவரவர் சட்டிக்குப் பின்னால் அவரவர் நின்றார்கள். பரமேட்டியார் மீசையைத் தடவிக்கொண்டார்.

கடைசியில் செட்டியார் வீட்டு அம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை. தன் சட்டி நிறைந்தபடி இருப்பதை எந்த வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருப்பாள்? பக்கத்திலிருந்த தவில்காரரிடம், இந்த இனிப்புச் சீயம் ஒன்றைப் பிட்டுத் தின்று பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். அவர் பார்த்தார், சும்மா விடுவாரா, தன் புளிச்சோற்றை எடுத்து அவள் கையில் வைத்தார். அவ்வளவுதான், கூடம் சந்தையாகிவிட்டது. எங்கள் வீட்டுத் துவையல், எங்கள் மாமியார் பக்குவம், இன்னும் ஒரு கரண்டி, என் தலைமேல் ஆணை என்று ஆளுக்கு ஆள் பிடித்து இழுத்துப் போட்டார்கள். அலங்காரத்தை ஒருவரும் அசைக்கவில்லை. மணிமுடி பக்கத்தில் கை நீட்ட யாருக்குத் துணிச்சல் வரும்?

அந்த இரைச்சலுக்கு நடுவே அரசன் தன் சட்டியோடு நின்றான். அவனுக்கு உபசரிக்கத் தெரியவில்லை. யாராவது வந்து ஒரு வாய் குடிக்க மாட்டார்களா என்று இருந்தது. திரைக்குள் தனியாக இருந்தபோதுகூட அவனுக்கு இத்தனை தனிமை தோன்றியதில்லை.

உப்புக்காரி வெள்ளச்சிக்கு மிளகுக் கறி தின்று விக்கல் எடுத்தது. கிட்டத்தில் இருந்த சட்டி அதுதான். மொண்டு இரண்டு மடக்குக் குடித்தாள், விக்கல் நின்றது. முகத்தைச் சுளித்தாள்.

“இஞ்சி கூடிப்போச்சு. யாரு கரைச்சது?”

“நான்தான்” என்றான் அரசன். சற்றுப் பொறுத்து, “அவளுக்கு அப்படித்தான் பிடிக்கும்” என்றான்.

வெள்ளச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். உப்பு விற்கிறவள் ஆயிரம் வாசலில் ஆயிரம் முகம் பார்த்தவள். ‘அவள் எங்கே?’ என்று கேட்கவில்லை. “காரம் அடங்கினா நல்லாத்தான் இருக்கு” என்று இன்னொரு மடக்குக் குடித்துவிட்டு, “சரி, நீ சாப்பிட்டியாப்பா?” என்றாள்.

மூன்று வருடத்தில் அந்தக் கேள்வியை அவனிடம் யாரும் கேட்டதில்லை. நாடு முழுவதற்கும் சோறு போடுகிறவனிடம் சாப்பிட்டாயா என்று யார் கேட்பார்கள்? வெள்ளச்சி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தன் கேழ்வரகுக் களியை உருட்டி, கீரைக் குழம்பில் தோய்த்து, அவன் கையில் வைத்தாள். அரசன் அத்தனை பேர் முன்னால் நின்றபடியே உண்டான். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. காரமா என்று கேட்டு அவள் இன்னோர் உருண்டை வைத்தாள்.

பொழுது சாய்ந்தது. அறுபது சட்டியும் ஏறக்குறையக் காலி. கூத்தாண்டி மூச்சு விட்டான். அப்போதுதான் பரமேட்டியார் மணிமுடியின் முன் வந்து வணங்கி, கூடம் முழுவதும் கேட்கும்படி சொன்னார்: “அரசே, அறுபது வீட்டாரும் உண்டார்கள். ஆனால் பணியாள் யாரும் இல்லாததால் தங்களுக்கு ஒருவரும் உணவு கொண்டுவரவில்லை. தாங்களும் விருந்தாளிதானே? ஒருவர் பசியோடு இருக்கிறார். கூத்தாண்டி தோற்றான்.”

“யாரிடம் பேசுகிறீர், பரமேட்டியாரே?” என்று தூணோரத்திலிருந்து குரல் வந்தது. “நான் இங்கே இருக்கிறேன்.”

எல்லாரும் திரும்பினார்கள். அரசனின் கையெல்லாம் களி, மீசையில் கீரைக் குழம்பு. வெள்ளச்சிக்கு விக்கல் திரும்ப வந்துவிட்டது. கூடமே வாயடைத்து நின்றது. அந்த அமைதியில் ‘கொடகொட’வென்று ஒரு சத்தம் கேட்டது. உச்சிவேளையிலிருந்து காவல் காத்த பரமேட்டியாரின் வயிறு அது. சட்டி எதுவும் கொண்டுவராததால் அவரை யாரும் கூப்பிடவில்லை.

கூத்தாண்டி கைகூப்பினான். “அவர் சொன்னது உண்மைதான், அரசே. ஒருவர் பசியோடு இருக்கிறார்.”

அரசனுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டில் தொடங்கி அது வயிற்றுக்கு இறங்க, தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மூன்று வருடச் சிரிப்பு, நிற்க நேரமாயிற்று. பிறகு வெள்ளச்சி சட்டியின் அடியில் மீதியிருந்த களியைத் தானே உருட்டிப் பரமேட்டியார் கையில் வைத்து, “சாப்பிடும்” என்றான். அவர் சாப்பிட்டார். வெட்கத்தோடு இன்னோர் உருண்டையும் கேட்டார்.

என்ன பரிசு வேண்டும் என்று அரசன் கூத்தாண்டியைக் கேட்டான். ஊரே கேட்கட்டும், தோட்டமே கேட்கட்டும் என்றான்.

“ஒரு வட்டில் போதும், அரசே. என்னிடம் இருப்பது ஒன்றுதான். யாராவது சாப்பிட வந்தால் எதில் போடுவது?”

மறுநாள் உச்சிவேளையில் கூத்தாண்டி உலையில் வழக்கம்போல ஒரு பிடி அரிசி போட்டான். யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் அரசன் நின்றிருந்தான், தலையில் மணிமுடி இல்லை, கையில் ஒரு வட்டில் இருந்தது. கூத்தாண்டி உள்ளே போய் இன்னொரு பிடி அரிசி போட்டான்.